பளைக்கு அப்பால் 24 சென்ரிமீற்றர்

ரொறன்ரோவில் கோடை வந்தால் எங்கட ஆக்களின் பின்வளவுகளில் கத்தரியும் மிளகாயும் பயற்றங்கொடியும் வந்துவிடும். ஸ்காபரோவில் எங்கள் நண்பர் ஒருவரின் வளவில் இவற்றோடு ஒரு ரெயில் பாதையும் இருக்கிறது. பூம்பாத்தியைச் சுற்றி ஓடும் அந்த வட்டத்துக்கு, வவுனியாவிலிருந்து பளை வரை என்று பெயர். போன கோடையில் நாலு குடும்பங்கள் சேர்ந்து, அதிலிருந்து ஒரு கிளை பிரித்து 12 மீற்றர் நீட்டினோம். பளையிலிருந்து யாழ்ப்பாணம்.

இந்த ஊரில் பெரியவர்கள் கூடி ரெயில் பாதை கட்டுவது புதிதல்ல. ரொறன்ரோ மொடல் ரெயில்றோட் கிளப் 1938இல் தொடங்கியது. லிபர்ட்டி வில்லேஜில் பல பத்தாண்டுகள் ஓடிய பாதையை விட்டுப் போகவேண்டி வந்தபோது, உறுப்பினர்கள் வேறிடத்தில் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆசை வந்தது சி.என். கோபுரத்தின் அடியில், ரவுண்ட்ஹவுஸ் பார்க்கில் ஓடும் குட்டி ரெயிலில் ஏறிய பிறகு.

தோட்டத்து ரெயிலின் தண்டவாள அகலம் 45 மில்லிமீற்றர். ஜெர்மனியின் எல்.ஜி.பி. 1968இல் விற்கத் தொடங்கிய வகை. மழை வெயில் தாங்கும். இலங்கைப் பாதையின் அகலமோ 1,676 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் 37இல் ஒரு பங்கு அளவில் பெட்டிகள் வேண்டும். அப்படி ஒரு யாழ்தேவி கடையில் கிடைக்காது. கிடைத்த டீசல் எஞ்சினுக்கு நிறம் பூசி, பக்கத்தில் ‘ஒன்ராறியோ’ என்று எழுதினோம். அது கற்பனைப் பெயர் இல்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954இல் இலங்கைக்குக் கொடுத்த எஞ்சின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்றுதான் பெயர். எங்கட அப்பா அம்மா இங்கே வர முதலே இந்த மாகாணத்தின் பெயர் அங்கே ஓடியிருக்கிறது.

நீங்களும் செய்வதென்றால் இரண்டு விஷயம். மண்ணில் மண்வெட்டி வைக்க முதல் ஒன்ராறியோ ஒன் கோலுக்குச் சொல்லுங்கள். நிலத்தடிக் குழாய், கம்பி எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். அடுத்தது, கொங்கிறீற் போடவேண்டாம். பனிக்காலத்தில் நிலம் உறைந்து மேலே தள்ளும். ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, உடைத்த கல்லை நிரப்பி, அதன்மேல் பாதையைச் சும்மா படுக்க விட்டால் போதும். வசந்தத்தில் கோணினதை நிமிர்த்தலாம்.

பெயர்ப்பலகை பிள்ளைகளின் வேலை. எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி. தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டிய பிள்ளைகள் ‘நாவற்குழி’யின் ‘ழி’க்காகச் சண்டை பிடித்தார்கள்.

பெரியவர்களின் சண்டை பளைக்குப் பக்கத்தில் வந்தது. நண்பரின் அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “உதில கொஞ்சம் இடைவெளி விடுங்கோ” என்றார்.

“விளையாட்டுச் சாமான்தானே அப்பா, அந்தக் கதை இதுக்கை ஏன்?”

“1990க்குப் பிறகு கோச்சி அங்கை போகேல்லை. நீங்கள் ஒரேயடியா ஓட விட்டா, பிள்ளையள் அது எப்பவும் ஓடினது எண்டெல்லோ நினைக்குங்கள்.”

எங்களில் பலர் யாழ்தேவியில் ஏறினதே இல்லை. 1956இல் ஓடத் தொடங்கிய ரெயில் அது. போர்க்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பிறகு துண்டு துண்டாகத்தான் பாதை திரும்பியது: 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே வருடம் ஒக்ரோபர் 13 யாழ்ப்பாணம்.

கடைசியில் 24 வருடத்துக்கு 24 சென்ரிமீற்றர் என்று ஒரு துண்டை வெட்டி, கழற்றிப் பூட்டுகிற மாதிரி வைத்தோம். மின்சாரம் தண்டவாளத்தால்தான் போகிறது. துண்டு இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் பக்கம் ஒன்றும் அசையாது. ஒவ்வொரு முறையும் பளையில் எஞ்சினை நிறுத்தி, யாராவது ஒரு பிள்ளை குந்தியிருந்து அதைப் பூட்டவேண்டும். புதிதாக வரும் பிள்ளை எல்லாம் கேட்கிற முதல் கேள்வி, “ஏன் இதில மட்டும் இல்லை?” பதிலைச் சில நேரம் அப்பப்பா சொல்வார், இப்போது எங்கட மூத்தவளே சொல்கிறாள், பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும். “ஆர் கழட்டினது?” என்று ஒருவன் கேட்டதற்கு அவள் அப்பப்பாவைப் பார்த்தாள். அவர் அன்றைக்கு நெடுநேரம் கதைத்தார். நாங்களும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நவம்பரில் பெட்டிகளும் அந்தத் துண்டும் வீட்டுக்குள்ளே வந்துவிட்டன. பாதை பனிக்குக் கீழே கிடக்கிறது. அடுத்த கோடையில் காங்கேசன்துறை. அந்தப் பகுதிக்கு உண்மையான ரெயில் திரும்பியது 2015 ஜனவரி 2இல். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பலகைகள் தயார். தெல்லிப்பழை இன்னும் முடியவில்லை. அதிலும் ஒரு ‘ழ’ இருக்கிறது.