கால் மதிப்பெண்

வங்கி எழுத்தர் தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 28. பிற்படுத்தப்பட்டோருக்கு இன்னும் மூன்று வருடம். அந்த மூன்றும் எனக்குப் பிள்ளை வளர்ப்பில் போயின. கணவரை இழந்த, மணவிலக்குப் பெற்ற பெண்களுக்கு வயதுத் தளர்வு உண்டு. நியாயம்தான். பிள்ளை பெற்றுப் புத்தகத்தை மூடி வைத்தவளுக்கு அப்படி எதுவும் இல்லை. இதுதான் எனக்குக் கடைசி முறை.

விடிகாலையில், வீடு எழுவதற்கு முன், அடுப்படியில் உட்கார்ந்து வாக்கியப் பிழை திருத்துவேன். 'ஈச் ஆஃப் தி கேர்ள்ஸ்' என்றால் பின்னால் 'ஹாவ்' வரக்கூடாது, 'ஹாஸ்'தான். கூட்டமாக நின்றாலும் ஒவ்வொருத்தியும் தனி. எனக்குப் பிடித்த விதி அது.

ஒருநாள் வந்தது: 'எவ்ரி கேண்டிடேட் மஸ்ட் பிரிங் தேர் ஹால் டிக்கெட்'. 'தேர்' பிழை என்றது வழிகாட்டி நூல். 'எவ்ரி' ஒருமையாம், ஆகவே 'ஹிஸ்'. ஓரத்தில் பென்சிலால் 'ஹர்' என்று எழுதிப் பார்த்தேன். கொடுத்திருந்த விடைகளில் அது இல்லவே இல்லை. ஒருமைக்கு வரும் இந்தத் 'தே'யை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது. வழிகாட்டி நூலுக்கு அந்தச் சேதி எட்டவில்லை போலும். தமிழிலோ, 'ஒவ்வொருவரும் தம் சீட்டைக் கொண்டுவர வேண்டும்' என்றால் முடிந்தது. யாரும் ஆணாக மாற வேண்டியதில்லை.

இருந்தும் 'ஹிஸ்' என்றே குறித்தேன். கால் மதிப்பெண்ணை இழக்க எனக்கு வசதியில்லை. அடுத்த வாக்கியம் 'நைதர்' பற்றியது. படித்து முடிப்பதற்குள் குக்கர் கத்திவிட்டது.