சேற்றில் ஓடும் மோட்டார் சைக்கிள்

கரடுமுரடான தரையில் நடத்தும் மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டி 1924 இல் இங்கிலாந்தின் கம்பர்லியில் தொடங்கியதாகச் சொல்வார்கள். இலங்கையில் தியத்தலாவை இராணுவக் கல்லூரியின் ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் பெயர்போனது.

மழை பெய்துவிட்டால் கணக்கே மாறிவிடும். மணல்தரை தண்ணீரை உறிஞ்சிவிடும், களிமண் விடாது. பாப்பாமோட்டையிலிருந்து முருங்கன் பக்கம் போனால் வரும் கறுப்புக் களி இதற்கு நல்ல சாட்சி. மாரியில் அது சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் அப்பி, சில்லையே சுற்றவிடாது. அதனால் சேற்றுக்கான டயரில் பற்கள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். சுற்றும்போதே சேறு உதிர வேண்டும். சேறு ரேடியேட்டரை மூடினால் இயந்திரம் கொதிக்கும்.

ஓட்டுநர் எழுந்து நின்று, உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, அக்சிலரேட்டரை ஒரே சீராக முறுக்கிப் பிடிப்பார். திடீரென முறுக்கினால் பின்சில்லு தோண்டிக்கொண்டு புதையும். முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் விழுவது நிச்சயம். கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தால்தான் பாதையே தெரியும். உண்மையில் இங்கே வெல்வது வேகம் அல்ல, விழாமல் ஓடுவதுதான்.

பார்வையாளருக்கும் ஆபத்து உண்டு. 2024 ஏப்ரல் 21 இல் ஃபொக்ஸ் ஹில்லில் நடந்த கார் ஓட்டத்தில் பாதை விலகிய கார் மோதி 7 பேர் இறந்தார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள்.