பச்சைத் தகரப்பெட்டி

போர்ட் கிள்ளான், பண்டமாரானில் இருந்த என் தாத்தா வீட்டின் முன்கதவு பல ஆண்டுகளாக முழுமையாகத் திறந்ததில்லை. உடலை ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். பழைய நாளேடுகள், பால்மாவு டின்கள், ஓடாத மின்விசிறிகள், கட்டுக் கட்டாக ரசீதுகள். பாட்டி இறந்த பிறகு குவியல் சுவர்களை மறைத்துவிட்டது. தாத்தா நடக்க எஞ்சியது ஓர் ஒற்றையடிப் பாதை மட்டுமே.

கடந்த ஆண்டு அந்தப் பாதையில்தான் அவர் இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வீட்டை விற்றுவிட்டு அவரை எங்களோடு வைத்துக்கொள்வதென அப்பா முடிவெடுத்தார்.

வந்த தரகர் வாசலிலேயே உதட்டைப் பிதுக்கினார். வங்கிக் கடன் எடுப்பவர் இத்தகைய வீட்டை வாங்குவது கடினமாம். வங்கிக்காக வரும் மதிப்பீட்டாளர் ஒவ்வோர் அறையையும் பார்க்க வேண்டும். சுவரே தெரியாத வீட்டில் எதைப் பார்ப்பார்? ஆகவே கையில் ரொக்கம் உள்ளவரே வருவார். கறையான், பழைய மின்கம்பி, ஒழுகும் குழாய் என்று கண்ணுக்குத் தெரியாத அனைத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். பக்கத்து வீடு 3 லட்சம் வெள்ளிக்குப் போன தெருவில் எங்களுக்குக் கேட்கப்பட்ட விலை 1 லட்சத்து 90 ஆயிரம்.

விலையை ஏற்ற நானும் தம்பியும் கிளம்பினோம். ரோரோ தொட்டியை வரவழைத்து ஒரே நாளில் பாதி நிரப்பினோம். மாலையில் மருத்துவமனைக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். தாத்தாவின் முகம் வெளுத்தது.

"பச்சைத் தகரப்பெட்டி எங்கடா ஐயா?"

அன்றிரவு தொட்டிக்குள் இறங்கிக் கைவிளக்கு வெளிச்சத்தில் தேடினோம். ஈரமான நாளேடுகளுக்கு அடியில் கிடைத்தது. உள்ளே வீட்டின் நிலப்பட்டா! அது தொலைந்திருந்தால் மாற்றுப் பட்டா கிடைக்கும்வரை விற்பனையே நகர்ந்திருக்காது. அதன் கீழே பழுப்பேறிய ஒரு வேலை அனுமதிச் சீட்டு.

தாத்தா கேரித்தீவுத் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. சிவப்பு அடையாள அட்டைதான். 1968இல் வந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அதன் பின்விளைவாகப் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியா திரும்பினர்.

"ஒரு காகிதம் இல்லாம என் அண்ணன் கப்பல் ஏறிட்டாரு. அதுக்கப்புறம் நான் எதையும் வீசினதில்ல" என்றார் தாத்தா. அண்ணன் கப்பல் ஏறியபோது தாத்தாவுக்கு வயது இருபத்திரண்டு. இப்போது எனக்கும் அதே வயது.

எல்லாக் குவியலுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பொருள்களைக் கழிக்க முடியாமல் சேர்க்கும் இந்நிலையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தனி மனநலக் கோளாறாகவே வகைப்படுத்தியது. நியூயார்க்கில் கோலியர் சகோதரர்கள் தங்கள் வீட்டுக் குவியலுக்கு நடுவிலேயே 1947இல் இறந்து கிடந்தார்கள். ஆபத்து உண்மையானது, தாத்தாவின் இடுப்பும் அதற்குச் சாட்சி. ஆனால் அவர் இல்லாத நேரத்தில் அள்ளிக் கொட்டியது என் தவறு. விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியவர் அவர். அவரை நாங்கள் யாருமே கேட்கவில்லை.

மூன்று வாரம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, முன்வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினோம். வைப்பது, கொடுப்பது, வீசுவது என மூன்று குவியல். முதல் நாள் வீசும் குவியலில் சேர்ந்தவை நான்கு டின்கள் மட்டுமே. நான்கு மாதங்களில் சுவர் தெரிந்தது. வங்கிக் கடனில் வாங்கிய ஓர் இளம் குடும்பத்திற்கு 2 லட்சத்து 65 ஆயிரத்துக்கு வீடு போனது. பத்து விழுக்காடு முன்பணம் வந்த அன்று தாத்தா தாமாகவே கையெழுத்திட்டார்.

நண்பர்களே, உங்கள் தாத்தா பாட்டி வீட்டிலும் இப்படி ஓர் அறை இருக்கலாம். குப்பைப் பையை எடுப்பதற்கு முன் ஒரு நாற்காலியை எடுத்துப் போடுங்கள். அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள்.

பச்சைத் தகரப்பெட்டி இப்போது எங்கள் வீட்டில், தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.