தம் பத்தலையா, மூச்சுக்குழாய் சுருங்குதா?

விருத்தாசலத்துலேருந்து உளுந்தூர்பேட்டை போற ரோட்டுல, எங்க மங்கலம்பேட்டைப் பக்கம் விடியக்காலையில வந்தீங்கன்னா பசங்க ஓடிக்கிட்டிருப்பாங்க. எல்லாம் போலீஸ் தேர்வுக்குத்தான். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். காணி, அரைக்காணி வெச்சிருக்கிற வீடுகளுக்கு அந்த ஏழு நிமிஷம் ரொம்பப் பெரிய விஷயம்.

அதுல எங்க பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன். நாள் பூரா மல்லாட்டை மூட்டை தூக்குவான், அசர மாட்டான். ஆனா ஓடி முடிச்சு நின்ன அஞ்சாவது நிமிஷம் இருமல் புடிச்சுக்கும், நெஞ்சுல விசில் சத்தம் கேக்கும். "உனக்கு தம் பத்தலடா"ன்னுட்டாங்க கூட்டாளிங்க. ஆஸ்பத்திரியில உக்கார வெச்சு குழாயில ஊதச் சொன்னாங்க. எல்லாம் நார்மல். வீட்டுல "ஓட வணங்காம நடிக்கிறான்"னு பேச்சாயிடுச்சு.

விஷயமே இங்கதான் இருக்கு. வேகமா ஓடும்போது வாயால நிறைய காத்தை இழுக்கிறோம். அதைச் சூடாக்கி ஈரமாக்குறதுல மூச்சுக்குழாயோட உள்சவ்வு காஞ்சுபோகுது. சிலருக்கு அதனால சில ரசாயனங்கள் சுரந்து, குழாயைச் சுத்தியுள்ள தசை இறுகிடும். ஓடி நின்ன பிறகுதான் அது உச்சத்துக்குப் போகும். சும்மா இருக்கும்போது ஊதினா எப்படித் தெரியும்?

ரெண்டாவதா பார்த்த டாக்டர்தான் ஓடவிட்டுச் சோதிச்சார். முதல்ல ஊதச் சொல்லி, முதல் ஒரு வினாடியில எவ்வளவு காத்து வெளிய வருதுன்னு அளக்குறாங்க. அப்புறம் மூக்குல கிளிப் மாட்டி, டிரெட்மில்லுல 6 முதல் 8 நிமிஷம் ஓட்டம். நாடித்துடிப்பு அந்த வயசுக்கான உச்சத்துல 80, 90 சதவீதத்தைத் தொடணும். நின்னதும் 5, 10, 15ன்னு அரைமணி நேரம் வரைக்கும் திரும்பத் திரும்ப ஊதல். அளவு 10 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைஞ்சா சுருக்கம் இருக்குன்னு அர்த்தம். 4 லிட்டர் ஊதினவன் 3.6க்கு இறங்கினாலே போதும். இவனுக்கு அதைவிட நல்லாவே இறங்கிச்சு.

ரெண்டு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க. சோதனை அன்னைக்குக் காலையில ஓடிட்டுப் போகக்கூடாது. ஒரு தடவை சுருங்கின குழாய் அடுத்த ஓட்டத்துல கொஞ்ச நேரம் அடங்கி நின்னு ஏமாத்திடும். அறைக் காத்து வறண்டு இருக்கணும். புழுக்கத்துல குறை தெரியாமலே போயிடலாம்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல அமெரிக்க அணியோட 597 பேர்ல 67 பேருக்கு இந்தத் தொல்லை இருந்துச்சு. அந்த 67 பேர் 41 பதக்கம் வாங்கினாங்க.

நம்ம பையன் இப்போ டாக்டர் சொன்ன மருந்தை ஓடுறதுக்கு முன்னாடி இழுத்துட்டு, மெதுவா உடம்பைச் சூடாக்கிட்டு ஓடுறான். தேர்வாவானான்னு இனிமேதான் தெரியும். ஆனா "தம் பத்தலடா"ங்கிற பேச்சு நின்னுபோச்சு.

டவுன்ல ஜிம், மாரத்தான்னு ஓடுற உங்களுக்கும் நின்னப்புறம் இருமல் வந்தா, அடுத்தவங்க இன்ஹேலரை வாங்கி இழுத்துப் பாக்காதீங்க. டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "ஓடவிட்டு ஊதிப் பாக்கலாமா?"