நான்கு மரங்கள், ஓர் உகுலேலே

என் கையாலேயே செய்த உகுலேலேவுக்கு இன்று தந்தி கட்டினேன். உடல் முழுக்க ஹவாயின் கோவா மரம். அந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளராது. கழுத்து மஹோகனி. பிரிட்ஜ் கருங்காலி. விரல்பலகை, ஒரு பழைய கட்டில் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்த நம்மூர் ஈட்டி.

1879-இல் மடெய்ரா தீவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கப்பலேறிய போர்த்துகீசியத் தச்சர்கள், தங்கள் ஊர் மச்செட் வாத்தியத்தைப் போல அங்கே செய்யத் தொடங்கினார்கள். கைக்குக் கிடைத்தது கோவா. உகுலேலே பிறந்த கதை அதுதான்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். மேல்பலகையை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வரை இழைக்க வேண்டும். இழைக்க இழைக்க விரலால் தட்டிக் கேட்டேன். 'டொக்'கென்று அடைத்த சத்தம் மெல்ல 'டங்'கென்று திறந்தது. அந்த இடத்தில் இழைப்புளியைக் கீழே வைத்துவிட வேண்டும். பக்கப் பலகையை நனைத்துச் சூடான குழாயில் அழுத்தினால் இளகி வளைகிறது, அவசரப்பட்டால் விரிசல்தான். கருங்காலி உளியின் கூரையே மழுக்கிவிடும்.

ஈட்டி இன்று சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் மரம். வாத்தியம் செய்ய ஆசைப்படுபவர்களே, புது மரம் தேடும் முன் வீட்டிலுள்ள உடைந்த கட்டிலையும் கதவையும் ஒருமுறை பாருங்கள். பல வருஷம் உலர்ந்த நல்ல பலகை அங்கேயே கிடைக்கும்.