கோபுரத்துக்கும் ஒரு போட்டோ ஆல்பம்

திருவண்ணாமலைக்கு நம்மில் பலர் பௌர்ணமியன்றுதான் போகிறோம். கூட்டத்தோடு கூட்டமாக 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு, கால் வலியோடு பஸ் ஏறிவிடுகிறோம். ஒரு தடவையாவது சாதாரண நாளில், வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். கோயிலை நிதானமாகப் பார்க்கலாம்.

கிழக்கே கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்த 217 அடி ராஜகோபுரம். அதைத் தாண்டினால் வல்லாள மகாராஜா கோபுரம். வடக்கே நிற்பதோ அம்மணி அம்மன் கோபுரம்! அந்தப் பெண் துறவி வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்துக் கட்டி முடித்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். ராஜாக்களுக்குச் சமமாக ஒரு பெண்மணியின் பேர் நிற்கிறதே, எனக்குப் பிடித்த கோபுரம் அதுதான்.

உள்ளே சுவரெல்லாம் கல்வெட்டு. "என்னம்மா, சாமியைப் பார்க்காம செவுத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே?" என்றார் என் மாமியார். அந்தச் சுவர்தான் கோயிலின் வரவு செலவு நோட்டு! சோழர் காலத்தில் ஒரு விளக்கு அணையாமல் எரிய, நெய்க்காக 90, 96 ஆடுகள் கொடுப்பது வழக்கமாம். கொடுத்தவர் பேரைக் கல்லிலேயே வெட்டி வைத்துவிடுவார்கள்.

கல்லும் தேயத்தான் செய்கிறது. எண்ணெய்க் கை, குங்குமம், சுண்ணாம்பு எல்லாம் எழுத்தை மறைக்கின்றன. சில ஊர்களில் திருப்பணி என்று மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்ததில், எழுத்தே போய்விட்டது. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றிப் படி எடுப்பது பழைய முறை. இப்போது பக்கவாட்டில் விளக்கு பிடித்துப் படம் எடுக்கிறார்கள். நிழல் விழுவதால் மங்கிய எழுத்தும் தெரிகிறது.

இந்த வேலைக்குப் பேர்போனது, 1955-ல் பாண்டிச்சேரியில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள் அவர்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. திருவண்ணாமலையை மட்டுமே ஆராய்ந்து, கல்வெட்டு, கட்டடம், திருவிழா என்று பல பாகங்களாகப் புத்தகம் போட்டார்கள். கல்வெட்டுப் பாகம் 1990-ல் வந்தது. பிலிம் நாளாக ஆகக் கெட்டுப்போகுமே! அதனால் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறார்கள்.

'படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?' என்று கேட்பீர்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருட்டுப் போய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய்விட்டார். விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் சிட்னி மியூசியத்தில் இருந்தார். 'இது எங்கள் ஊர் சாமி' என்று வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? நடராஜரை 1994-லும், அர்த்தநாரீஸ்வரரை 1974-லும் பாண்டிச்சேரிக்காரர்கள் கோயிலிலேயே படம் எடுத்து வைத்திருந்தார்கள். சிலையில் உள்ள உடைவும் தேய்வும் நம் கைரேகை மாதிரி. இன்னொன்றில் அப்படியே இருக்காது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே இரண்டையும் டில்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

உங்கள் ஊர்ச் சின்னக் கோயிலுக்கு இப்படிப் படம் இருக்கிறதோ இல்லையோ! பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். மாலையும் கழுத்துமாக நிற்கிறவர்களுக்குப் பின்னால் ஒரு தூணோ, துவாரபாலகரோ தெரியலாம். அந்தப் படங்களைச் செல்போனில் எடுத்து, ஊர், கோயில், வருஷம் எழுதி, இரண்டு மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள். கோயிலில் புதிதாகப் படம் எடுப்பதென்றால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், சந்நிதிக்குள் வேண்டாம்.