ஒளி படாத மடிப்பு

கலைப்பீட மாணவன் ஒருவன் கழியூதாக் கதிர்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். என்னை இப்பொருளிடம் கொண்டுவந்து சேர்த்தது என் அக்காவின் முகக்கவசம்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில், தாதியான அக்கா ஒரே என்95 கவசத்தைப் பல நாட்கள் அணிந்தாள். வீடு திரும்பியதும் அதனைக் கடதாசிப் பையிலிட்டு விறாந்தைக் கொடியில் தொங்கவிடுவாள். "சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சு விடன், பிள்ளை" என்பார் அம்மா. தோய்த்தால் பயனில்லை. அதன் நடு அடுக்கின் நுண்ணிழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்னேற்றமே நுண்துகள்களைக் கவர்ந்து பிடிக்கின்றது; சவர்க்காரமும் மதுசாரமும் அதனைக் குலைத்துவிடும்.

அப்பொழுதுதான் அமெரிக்காவின் ஒமாஹா நகரில், நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தார் கண்ட வழியைப் பற்றி வாசித்தேன். ஒளியைத் தெறிக்கச் செய்யும் சுவர்கள் கொண்ட அறையில் கவசங்களைக் கம்பிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, இருபுறமும் கழியூதா விளக்குகளை நிறுத்தி ஒளியூட்டினர். ஒவ்வொரு கவசமும் அதனை அணிந்தவருக்கே பெயர் பார்த்துத் திருப்பியளிக்கப்பட்டது. 254 நானோமீற்றர் அலைநீளமுள்ள அக்கதிர் வைரசின் மரபுப்பொருளைச் சிதைத்து, அது பெருகவியலாதவாறு செய்கின்றது. மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் ஏறத்தாழ 1 யூல் சக்தி சேரவேண்டும் என ஆய்வாளர் பரிந்துரைத்தனர்.

பெருமகிழ்ச்சியுடன் அக்காவிடம் ஓடினேன். "வெயிலிலையும் அந்தக் கதிர் இருக்குதுதானே? முற்றத்திலை காய விடுவம்!"

அவள் சிரித்தாள். "தம்பி, நீ சொல்லுற கதிர் எங்கட முற்றத்துக்கு வராது."

உண்மைதான். சூரியனிலிருந்து புறப்படும் அக்குறுகிய அலைநீளக் கதிர்களை வளிமண்டலத்தின் ஓட்சிசனும் ஓசோனும் முற்றாக உறிஞ்சிவிடுகின்றன. வெயில் நுண்ணுயிரைக் கொல்லும் என்பதை 1877இலேயே இங்கிலாந்தில் டவுன்சும் பிளண்டும் காட்டினர் என்பது மெய்யே. ஆனால் அளவறியாத வெயிலை நம்பி நோயாளியின் அருகில் நிற்க இயலாது.

பின்னர் அவள் கவசத்தை விளக்கருகே பிடித்து, மூக்கின்மேல் அமரும் மடிப்பைக் காட்டினாள். ஒளி நேர்கோட்டிற் செல்வது. மடிப்பிலும் பட்டியின் அடியிலும் நிழல் விழும். நிழலில் வைரசு பிழைத்திருக்கும். அன்றியும், மீண்டும் மீண்டும் அணிவதால் பட்டி தளர்ந்து கவசம் முகத்தோடு பொருந்தாதுவிடின், எந்த விளக்கும் பயன்தராது.

"இருக்கிறதைக் கொண்டு சமாளிக்கிறியள். நல்ல சிக்கனம்தான்" என்றேன்.

"இது சிக்கனமில்லைத் தம்பி. இல்லாமை."

அச்சொல் இன்றும் என்னை உறுத்துகின்றது. ஒமாஹாவினர் தம் வழியைச் சிக்கனமென்று கொண்டாடவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்துக்கான கடைசி ஏற்பாடென்றே கொண்டனர். புதிய கவசங்கள் போதியளவு கிடைக்கத் தொடங்கியதும், 2021 யூன் இறுதியில், கவசங்களைத் தொற்றுநீக்கித் திரும்ப அணிவதற்கான அவசரகால அனுமதிகளை அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் மீளப்பெற்றது. இல்லாமையை இல்லாமையென்றே பெயரிட்டமையாலேயே, அதற்கொரு முடிவுநாளையும் குறிக்க முடிந்தது. நாமோ இல்லாமையைச் சகித்தவரைத் தியாகியென்று புகழ்ந்துவிட்டு, அதனை வழக்கமாக்கிக் கொள்கின்றோம். அன்று அக்காவைப் புகழ்ந்த நானும் அதையே செய்தேன்.

விறாந்தைக் கொடியில் இப்பொழுது துவாய்கள் காய்கின்றன. அக்கா இரவுக் கடமைக்குப் புறப்படும்போது, புதிய கவசம் இருக்கின்றதா என்று மட்டும் கேட்கின்றேன்.